தேய்மானம் யார் கணக்கில்?

சென்னையில் உணவு டெலிவரி செய்யும் ஒருவர் நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளில் 2,600 கிலோமீட்டர். தினமும் 20 கிலோமீட்டர் ஆபீஸ் போய்வருபவருக்கு அந்தத் தூரத்தைத் தொட ஐந்து மாதம் ஆகும். அவர் ஐந்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் என்ஜின் ஆயிலை இவர் மாதாமாதம் மாற்ற வேண்டும். பிரேக் ஷூ, செயின் ஸ்பிராக்கெட், பின் டயர் எல்லாம் அதே வேகத்தில் தேய்கின்றன. பெட்ரோல் காசு தினமும் கையை விட்டுப் போவதால் அது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற செலவெல்லாம் ஒருநாள் மெக்கானிக் கடையில் மொத்தமாக வந்து நிற்கும். அதுவரை வாரக் கடைசியில் அக்கவுண்டில் விழும் தொகை முழுவதும் சம்பாத்தியம் போலத்தான் தோன்றும். கைமுதல் கரைவதை வருமானம் என்று நம்பி அவர் வீட்டு வாடகை கட்டுகிறார்.

வண்டியோடு இது நிற்பதில்லை. பிரியாணிக் கடை வாசலில் பார்சலுக்காக நிற்கும் நேரத்துக்கும், ஆர்டரைக் கொடுத்துவிட்டு வெறுங்கையாகத் திரும்பும் தூரத்துக்கும் பெரும்பாலும் காசு இல்லை, இருந்தாலும் சொற்பம். ஒயிட் போர்டு டூவீலருக்கு எடுக்கும் இன்ஷூரன்ஸ் சொந்த உபயோகத்துக்கானது. டெலிவரி ஓட்டும்போது வண்டி நொறுங்கினால், கூலிக்கு ஓட்டியதாகச் சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடமிருக்கிறது. கழுத்து வலியும் இடுப்பு வலியும் எந்தப் பில்லிலும் ஏறுவதில்லை.

இஷ்டப்பட்டுத்தானே வருகிறார்கள், பிடிக்காவிட்டால் லாக் அவுட் செய்துவிட்டுப் போகலாமே என்பார்கள். இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சிபாரிசோ லஞ்சமோ கொடுக்காமல், இன்ன சாதி, இன்ன ஊர் என்ற விசாரணைக்கு ஆளாகாமல், சில நாட்களில் சேர்ந்து சம்பாதிக்கக்கூடிய வேலை நம் ஊரில் வேறு எத்தனை இருக்கிறது? காலேஜ் ஃபீஸ் கட்டவும், வேலை போன குடும்பத்தை இரண்டு மாதம் தாங்கவும் இது உதவியிருக்கிறது. அந்த நன்மை நிஜமானது.

ஆனால் சம்மதம் என்பது என்ன தருகிறோம் என்று தெரிந்து தருவது. ஆர்டர் திரையில் வரும்போது கிடைக்கப்போகும் தொகை தெரியும். ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சில நொடிகள் இருக்கும். டயரின் பங்கு எவ்வளவு, திரும்பி வரும் பெட்ரோல் எவ்வளவு என்று அந்த நொடிகளில் யாரும் கணக்குப் போட முடியாது. எதிர்ப்பக்கத்தில் செயலி நிறுவனத்திடமோ ஒவ்வொரு மீட்டரும் ஒவ்வொரு நிமிடமும் ஜிபிஎஸ் வழியாகப் பதிவாகிறது. முழுக் கணக்கும் தெரிந்த ஒருவர், அரைக் கணக்கு மட்டும் தெரிந்தவரிடம் பேரம் பேசுகிறார். விலையை அவரே வைக்கிறார், அதை மாற்றுவதும் அவரே. ஐடியை பிளாக் செய்யும் அதிகாரமும் அவர் கையில். 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததை விட இந்தக் கட்டுப்பாட்டுக்கே அதிக எடை கொடுத்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் சம்பளத்தோடு கூடிய விடுப்புக்கும் அவர்கள் உரியவர்கள் என்றது. வேலையில் பட்ட காயத்துக்கு வேலை கொடுத்தவரும் பொறுப்பு என்பது இந்தியாவில் 1923 முதலே சட்டம். நூறு வருடம் கழித்து அந்தப் பொறுப்பிலிருந்து ஒரு செயலியின் மறைவில் நழுவுவதை நியாயம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

அரசு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2023இல் இவர்களுக்கென நலவாரியம் அமைந்தது. 2025இல் சென்னையில் ஏசி ஓய்வறைகள் வந்தன. இ-ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியமும் பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. கழிப்பறைக்கு இடம் தேடி அலைந்தவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அந்த ஓய்வறை எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லாபம் பார்த்தவர்கள் போட வேண்டிய பணத்தை இங்கே பொதுமக்களின் வரி போடுகிறது. மத்தியச் சட்டம் நிறுவனங்களிடம் கேட்கும் பங்களிப்பு ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம். அதுவும் தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாது. அது சமூகப் பாதுகாப்புக்கான பணம். அதற்கும் தேய்ந்த டயருக்கும் சம்பந்தமில்லை.

வாடிக்கையாளரின் பங்கு நிறுவனங்களின் பங்கைவிடச் சிறியது, ஆனால் இல்லாமல் இல்லை. டிப்ஸ் கொடுப்பது நல்ல மனம். கொடுக்க வேண்டிய கூலி அதனால் தீர்ந்துவிடாது. டிப்ஸ் மனமிருந்தால் வருவது, மழை நாளில் கூடி மறுநாள் மறைந்துவிடுவது. டெலிவரி கட்டணம் 15 ரூபாய் ஏறினால் முணுமுணுக்காமல் கட்டுவதுதான் வாடிக்கையாளரிடம் கேட்கப்படுகிற நேர்மை. விலை ஏறினால் ஆர்டர் குறையும், சிலருக்கு வேலை போகும் என்ற அச்சம் பொய்யல்ல. நியூயார்க் நகரம் 2023இல் காத்திருக்கும் நேரத்தையும் செலவையும் சேர்த்துக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோதும் இதே வாதம் எழுந்தது. நம் ஊரில் ஒரே தாவலில் அதைச் செய்ய முடியாமல் போகலாம். ஆனால் வாராவாரம் வரும் பேமெண்ட் விவரத்தில், காலியாகத் திரும்பிய தூரத்தையும் சேர்த்து மொத்தம் எத்தனை கிலோமீட்டர், காத்திருந்தது எத்தனை மணி நேரம் என்று இரண்டு வரி சேர்க்க எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவு ஆகாது. சட்டம் முதலில் அந்த இரண்டு வரியைக் கட்டாயமாக்கட்டும்.