பாதி அடங்கிய ஜீன்

அராபிடாப்சிஸ் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி. அதில் சில வகைகள் ஒரு குளிர்காலத்தைக் கடக்காமல் சீக்கிரம் பூப்பதில்லை. எஃப்எல்சி என்ற ஜீன் பூப்பதைத் தடுத்து வைத்திருக்கும். வாரக்கணக்கில் குளிர் பட்டால் அது மெல்ல அடங்கும். வெப்பம் திரும்பிய பிறகும் அடங்கியே இருக்கும். டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. ஆனாலும் செல் பிரியப் பிரிய, பட்ட குளிரின் நினைவு கூடவே போகிறது. பாடநூல்கள் இதைத் தட்பப்பதனம் என்கின்றன.

*

இரண்டு வாரக் குளிருக்குக் கொஞ்சம் அடங்குகிறது, நான்கு வாரத்துக்கு இன்னும் கொஞ்சம், எட்டு வாரத்துக்கு ஏறக்குறைய முழுதும். அப்படியானால் ஒரு செல் ‘நான்கு வாரம்’ என்ற அளவை எங்கே எழுதி வைத்திருக்கிறது? இங்கிலாந்தின் நார்விச்சில், ஜான் இன்னஸ் மையத்தில், தாவர மரபியலாளர் கரோலைன் டீனும் இயற்பியலிலிருந்து வந்த மார்ட்டின் ஹோவர்டும் சேர்ந்து உட்கார்ந்தது இந்தக் கேள்வியின் முன்தான்.

*

டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் குறிப்பிட்ட சில மீத்தைல் குறிகள் ஏறும்போது ஜீன் அடங்குகிறது. செல் பிரியும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு பிரதிகளுக்கும் பங்கு போய்விடும். மீதி இடத்தில் குறியில்லாத புதியவை வந்து சேரும். ஒவ்வொரு பிரிவிலும் நினைவு பாதியாகிறது. இருக்கும் குறிகள் தங்களைப் போன்றவற்றை எழுத நொதியை அழைத்து வந்தால்தான் இழப்பு ஈடாகும். இதைச் சமன்பாடுகளில் எழுதி ஓடவிட்டால் நடுநிலை தங்குவதில்லை. குறிகள் நிறைய இருந்தால் நிறைகின்றன, குறைவாக இருந்தால் கரைந்துபோகின்றன. ஒரு ஜீன் பாதி அடங்கிய நிலையில் தலைமுறை தலைமுறையாக நிற்க முடியாது.

எனவே பாதி என்று நாம் அளப்பது, பாதிச் செல்களில் முழுதாக அடங்கியதும் மீதியில் முழுதாக விழித்திருப்பதும்தான். நான்கு வாரம் என்ற எண் எந்தச் செல்லிலும் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது.

*

இந்த இடத்தில் நெடுநேரம் நின்றேன். நாற்றைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, அரைத்து, ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்தால் கையில் வருவது சராசரி. அதற்குள் தனித்தனிச் செல்கள் தொலைந்துபோயிருக்கும். அரைக்காமல் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தைக் கொடுத்தது கணக்கு. ஜீன் விழித்திருந்தால் நீலம் ஏறும்படி செய்த செடிகளின் வேரைப் பார்த்தார்கள். சில செல்கள் நல்ல நீலம், பக்கத்தில் இருப்பவை வெறுமை. எல்லாவற்றிலும் ஒரே வெளிர்நீலம் பரவியிருந்தால் அந்தக் கணித மாதிரி அன்றே வீழ்ந்திருக்கும். இந்த ஆய்வு 2011-இல் நேச்சர் இதழில் வந்தது. நல்ல மாதிரிக்கு என் அளவுகோல் இதுதான்: எது நடக்கவே கூடாது என்று அது சொல்ல வேண்டும்.

*

கோபன்ஹேகன் குழுவொன்று 2007-லேயே ஈஸ்டை வைத்து இதே கணக்கைப் போட்டிருந்தது. குறி தன்னை ஒட்டிய அண்டையை மட்டும் தொட்டால் போதாது, எட்டத்தில் இருப்பதையும் எட்ட வேண்டும் என்றது அது.

*

நினைவு ஜீன் இருக்கும் இடத்திலேயே இருக்கிறதா, செல்லுக்குள் அலையும் புரதங்களில் இருக்கிறதா? டீனும் ஹோவர்டும் தங்கள் குழுவோடு ஒரே செடியில் எஃப்எல்சியின் ஒரு பிரதிக்கு மஞ்சள், இன்னொன்றுக்குச் சிவப்பு ஒளிர்புரதம் கட்டினார்கள். அலையும் புரதம்தான் நினைவு என்றால் இரண்டும் ஒன்றாக அணைய வேண்டும். 2015-இல் வந்த விடை: ஒரே செல்லுக்குள் ஒன்று எரிகிறது, மற்றது அணைந்திருக்கிறது, அந்த நிலை பிரிவுக்குப் பிரிவு தொடர்கிறது.

*

இத்தனை நீண்ட குளிரைச் செடி எப்படி அளக்கிறது என்பது தனிக் கேள்வி. அதில் பங்குள்ள என்டிஎல்8 என்ற புரதம் எளிதில் சிதையாது. வெப்பத்தில் செடி வேகமாக வளர்வதால் அது புதுச் செல்களில் பங்காகி நீர்த்துப்போகிறது. குளிரில் வளர்ச்சி மந்தமாவதால் சேர்ந்துகொண்டே வருகிறது. 2020-இல் இதைக் காட்டியபோதும் மாதிரியும் சோதனையும் சேர்ந்தேதான் வந்தன. மெதுவாக வளர்வதே காலத்தை எண்ணும் வழியாக இருக்கிறது. பல மரபணுக்களைத் தேடிய கண்ணுக்கு வளர்ச்சி வேகமும் ஒரு காரணம் என்று தெரிய, யாராவது ஒருவர் நீர்த்தலுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.