காயின் எந்த நாட்டவன்?

சினமும் பொறாமையும் மனித இனத்தின் பொதுச் சொத்து. ஆயினும் கொலை எங்கும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. 2015ஆம் ஆண்டில் மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் ஒரு லட்சம் பேருக்கு 100 பேருக்கு மேல் கொலையுண்டனர். அதே ஆண்டில் ஜப்பானில் இவ்விகிதம் ஒன்றைக்கூட எட்டவில்லை.

இவ்வேறுபாடு எதனால் வருகிறது? அம்மக்களின் குணமே கொடியது என்று சொல்லிவிடுதல் எளிது. 'மீட்பர்' என்று பொருள்படும் பெயர் தாங்கிய, கத்தோலிக்க மரபில் ஊறிய நாடு அது என்பதால், இச்சொல் நம்மையும் சுடுகிறது.

அந்நாட்டின் வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த பேராயர் புனித ஆஸ்கர் ரொமேரோ சுட்டுக் கொல்லப்பட்டார். 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போர் ஏறத்தாழ 75,000 உயிர்களைக் குடித்தது. அமெரிக்காவுக்குத் தப்பியோடிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் வன்முறைக் கும்பல்களில் சேர்ந்தனர். 1990களில் நாடு கடத்தப்பட்டுத் தாய்மண் திரும்பியவர்களை வரவேற்றவை வறுமையும், வலுவிழந்த நீதிமன்றங்களும், போர் விட்டுச்சென்ற துப்பாக்கிகளுமே.

அறிஞருள் சிலர் ஆயுதத்தைக் குற்றஞ்சாட்டுவர், சிலர் ஏற்றத்தாழ்வை, வேறு சிலர் நீதியின் தளர்ச்சியை. தனித்து நிற்கையில் எதுவும் போதவில்லை. சுவிட்சர்லாந்தில் துப்பாக்கிகள் மிகுதி, கொலைகள் குறைவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளைவிட இந்தியா ஏழ்மையானது. எனினும் கொலை விகிதம் இங்கே குறைவு. பல புரிகள் சேர்ந்தே கயிறு திரிகிறது.

2022 மார்ச்சில் எல் சால்வடோர் அரசு அவசரநிலையை அறிவித்தது. 80,000 பேருக்கு மேல் சிறைப்பட்டனர். குற்றமற்றோரும் அவர்களுள் அடங்குவர். 2024இல் கொலை விகிதம் இரண்டுக்கும் கீழே இறங்கியதாக அரசு கணக்குக் காட்டியது. பத்தாண்டுகளுக்குள் ஒரு மக்களின் பிறவிக்குணம் மாறிவிடுமா? மாறாது. எனவே குணத்தின் மீது பழி போட்டது பிழை என்பது தெளிவு. அதே வேளையில், விசாரணையின்றிப் பூட்டப்பட்ட கதவுகள் தரும் அமைதியை நீதியின் கனி என்று அழைக்கவும் நம் மனச்சான்று இடந்தராது.

சூழலே காரணமென்றால், கொன்றவன் குற்றமற்றவனா? திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால் 1987ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பாவக் கட்டமைப்புகளைப் பற்றிப் பேசினார். அவை தனிமனிதரின் பாவங்களிலேயே வேர்கொண்டவை என்பதையும் அவர் மறக்கவில்லை. ஆகவே விசையை இழுத்த விரலுக்கும் பொறுப்புண்டு. ஆயுதம் விற்ற கைக்கும், கூலி மறுத்த முதலாளிக்கும், சாட்சி சொல்லத் தயங்கிய அயலாருக்கும் பொறுப்புண்டு.

காயின் பிறந்தபோது நாடுகள் இல்லை, எல்லைகளும் இல்லை. சகோதரனைப் பற்றி இறைவன் அவனிடம் கேட்ட கேள்வி எல்லா நாட்டாருக்கும் பொது. கொலை அருகிய ஊரில் வாழும் நாமும் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களே.