288 டிகிரி

மகன் ஆண்ட்ராய்டு போன் வாங்கித் தந்து, "இது கரண்ட் பில் கட்ட, இது மாத்திரை நேரத்துக்கு, வாப்பா" என்று ஒவ்வொன்றாக ஏற்றினான். அவற்றில் சிக்கல் இல்லை. கடைசியாக ஏற்றிய தொழுகைச் செயலிதான் தூக்கத்தைக் கெடுத்தது.

எடுத்ததும் கேட்டது: பிற்பகல் அஸர் தொழுகைக்கு எந்த மத்ஹப் (சட்டப் பிரிவு), ஷாஃபியா, ஹனஃபியா? நண்பகல் நிழலைக் கழித்து, ஒரு பொருளின் நிழல் அதன் உயரமளவு நீண்டால் ஷாஃபிக்கு அஸர், இருமடங்கானால் ஹனஃபிக்கு. ஆயிரம் ஆண்டு கடந்த விவாதம். நான் விரலால் தொட்டு முடித்துவிட்டேன்.

அடுத்தது கிப்லா, தொழும்போது நோக்க வேண்டிய கஅபாவின் திசை. சென்னையில் இத்தனை காலமும் நேர் மேற்கே பார்த்துத்தான் வீட்டில் முஸல்லா விரித்தோம். செயலியின் திசைகாட்டி முள்ளோ 288-ல் நின்றது. மேற்கிலிருந்து 18 டிகிரி வடக்கே! அப்படியானால் இதே கூடத்தில் தொழுது முடித்துப் போன என் உம்மா?

தொலைவில் இருப்பவருக்குத் திசை போதும் என்பார் பலர். எங்கள் ஷாஃபி மத்ஹபிலோ கஅபாவையே குறியாகக் கொள்ள வேண்டும் என்ற கருத்துக்கு வலு அதிகம். ஆனால் உம்மா தனக்குத் தெரிந்தவரை தேடித்தானே நின்றார்? நான் எதைத் தேடினேன்? போனைத் திறந்தேன், அவ்வளவுதான். துல்லியம் கூடியது, நிய்யத் கூடியதா?

இந்த முள்ளும் பெரிய உத்தமன் இல்லை. இரும்பு பீரோ பக்கம் போனால் தடுமாறும். போனைக் காற்றில் எட்டுப் போட்டு ஆட்டச் சொல்லும்.

நேற்று மஃரிப் தொழுகைக்கு முஸல்லாவைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி விரித்தேன். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டேன்.