திருப்பிக் கொடு

என் தங்கை மகனுக்கு ஒன்பது வயது. சென்ற ஆண்டு அவனுக்கு ஒரு விசித்திரமான வயிற்றுவலி வந்தது. திங்கட்கிழமை காலையில் வரும். பள்ளிக்கூட வேன் தெருமுனையைத் தாண்டியதும் போய்விடும். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்து தீர்ந்தது, வலி தீரவில்லை. அதே மாதத்தில் மூன்று பென்சில் பெட்டிகள் தொலைந்தன. டிபன் டப்பா தினமும் காலியாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் பையன் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆறிய சோற்றைக்கூட அள்ளி அள்ளித் தின்றான். தாய்க்கு இவ்வளவு போதாதா? மெல்ல மெல்லக் கேட்டதில் விஷயம் வெளிவந்தது. வகுப்பில் மூன்று பையன்கள் சேர்ந்துகொண்டு இவனை ஆட்டி வைத்துக் கொண்டிருந்தார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "ஒண்ணு வாங்கினா ரெண்டாத் திருப்பிக் கொடுடா" என்றார் அவன் அப்பா. "வம்பு எதுக்கு? அவங்க இருக்கிற பக்கமே போகாதே, கண்ணு" என்றாள் பாட்டி. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இந்த இரண்டு மருந்துகள்தாம் உண்டு. திருப்பி அடிக்கும் வலு இருந்தால் அந்த மூவரும் இவனைத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார்கள் என்பது அப்பாவுக்குத் தோன்றவில்லை. நாற்பது பேர் நெருக்கியடித்து உட்காரும் ஓர் அறையில் எந்தப் பக்கம் ஒதுங்கிப் போவது என்பது பாட்டிக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது யோசனை என் தங்கையுடையது. பக்கத்துத் தெருவில் மனநல ஆலோசகரான ஓர் அம்மாள், சனிக்கிழமைகளில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தன்னுறுதிப் பயிற்சி அளித்து வந்தார். துணைக்கு நான் போனேன். கதைக்கு ஏதாவது அகப்படும் என்ற சபலமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் வாரம் பேச்சே இல்லை. இரண்டு பாதங்களும் தரையில் பதிய, தோள் தளராமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். எதிராளியின் கண்ணைப் பார்க்கப் பயமாக இருந்தால் புருவங்களுக்கு நடுவே பார்க்கலாம் என்றார் அந்த அம்மாள். அடுத்த வாரம் அவரே போக்கிரிப் பையனாக நடித்தார். பென்சில் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "என்னடா செய்வே?" என்றார். நம் பையன் தன் கால் விரல்களைப் பார்த்தான். "அது என்னுது. திருப்பிக் கொடு" என்ற இரண்டே வாக்கியங்களைச் சொல்ல அவனுக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின. வசவு கூடாது, கெஞ்சல் கூடாது, விளக்கமும் கூடாது. எதிராளி சிரித்தால் அதையே, அதே குரலில், மறுபடியும் சொல்ல வேண்டும். அடி விழும் போலிருந்தால் உடனே விலகிப் போய்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அதையும் கோழைத்தனமாகக் கருதாமல் பாடமாகவே கற்பித்தார். கடையில் மீதிச் சில்லறையை எண்ணிக் கேட்டு வாங்குவது வீட்டுப் பாடம்!

இந்தப் பயிற்சி குழந்தைகளுக்காகப் பிறந்ததன்று. கூச்சத்தால் வாழ்வைத் தொலைத்துக்கொண்டிருந்த பெரியவர்களுக்காக 1949இல் ஆண்ட்ரூ சால்டர் என்ற அமெரிக்கரும், 1958இல் ஜோசப் வோல்பே என்ற தென்னாப்பிரிக்க மருத்துவரும் எழுதிய நூல்களில் இதன் வேர் இருக்கிறது. மனத்தில் உள்ளதை நிமிர்ந்து சொல்லும் செயலும் அச்சமும் ஒரே உடம்பில் ஒரே சமயத்தில் சேர்ந்து குடியிருக்க முடியாது. முன்னதைப் பழக்கினால் பின்னது தானே இடம் விட்டு நகரும் என்பது வோல்பேயின் எண்ணம்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பேச்சு வழக்கைப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லும் பையனுக்கு நம்மிடம் உள்ள பெயர்கள் என்ன? துடுக்கு, திமிர், வாய்க்கொழுப்பு. பெண்ணாக இருந்துவிட்டால் வாயாடி. இத்தனை வசைச்சொற்களைச் சேர்த்து வைத்திருக்கும் நாம்தாம், பள்ளிக்கூட வாசலில் குழந்தையை இறக்கிவிட்டு, "தைரியமாப் பேசுடா" என்று சொல்லி அனுப்புகிறோம்.

இதை நான் எங்கோ நின்று சொல்லவில்லை. ஐந்தாறு வாரம் சென்றிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். அந்தப் பையனைச் சிறு வயது முதல் நான் 'மண்டூகம்' என்றுதான் கூப்பிடுவது. கூடவே தலையில் செல்லமாக ஒரு குட்டு. அன்றும் அப்படியே செய்தேன். அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. என் புருவங்களுக்கு நடுவே பார்த்தான்.

"மாமா, அப்படிக் கூப்பிடாதீங்க. குட்டவும் வேணாம். எனக்குப் பிடிக்கலே."

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. "பெரியவங்ககிட்ட இப்படியாடா பேசறது? மன்னிப்புக் கேளு!" என்று என் தங்கை சீறினாள், காசு கொடுத்து அவனை அங்கே அனுப்பியவளும் அவள்தான். எனக்கு முதலில் வந்தது வெட்கமன்று, கோபம். மனித சுதந்திரத்தைப் பற்றி நானூறு பக்க நாவல் எழுதியவனுக்கு, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தன் தலை தன்னுடையது என்று சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. அந்த மூவருக்கும் முன்னால், அவன் தலையை முதன்முதலில் பொதுச் சொத்தாக்கியவன் நான்தானோ என்ற எண்ணம் இரவு படுத்த பிறகுதான் வந்தது.

பயிற்சி நல்லதுதான். ஆனால் அதைக் குழந்தையின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்வதில் ஓர் அநியாயம் இருக்கிறது. அடிபட்டவனைப் பார்த்து, "நீ நிற்கிற விதம் சரியில்லை" என்று சொல்வது போன்றது அது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த தலித் மாணவன் ஒருவன், உடன் படித்தவர்கள் செய்த தொல்லையைப் பள்ளியில் சொன்னான். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வதற்கு மேல் எந்தப் பயிற்சி எதைக் கற்பிக்கும்? அன்றிரவே வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. அந்தப் பிள்ளையிடம் குறை இருந்தது என்று யார் சொல்வார்கள்?

நார்வேயில் 1982ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமாயிருக்கும் என்று நாடே பதறியது. மறு ஆண்டு டான் ஓல்வியஸ் என்ற உளவியல் அறிஞர் வகுத்த திட்டம், அடிபடுகிறவனைத் திருத்துவதிலிருந்து தொடங்கவில்லை. இடைவேளையில் ஆசிரியர்கள் எங்கே நிற்கிறார்கள், வகுப்புக்கு என்ன விதி, அடிக்கிறவனின் பெற்றோரிடம் யார் பேசுவது என்பவற்றிலிருந்து தொடங்கியது. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996இல் வேறொன்றைக் கவனித்து எழுதினார்: அடிப்பவனும் அடிபடுபவனும் மட்டும் அங்கே இல்லை. கூட நின்று உதவுகிறவன், சிரித்து உற்சாகமூட்டுகிறவன், பார்த்தும் பாராதவன், அபூர்வமாகத் தடுக்கிறவன் என்று வகுப்பு முழுவதுமே அந்த நாடகத்தில் வேஷம் கட்டியிருக்கிறது.

எங்கள் பையன் கதையிலும் அப்படித்தான் ஆயிற்று. அவன் நிமிர்ந்து நின்று, "திருப்பிக் கொடு" என்று சொன்ன முதல் நாள் அந்த மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பெட்டி கிடைக்கவில்லை. இரண்டாம் நாளும் சிரித்தார்கள். மூன்றாம் நாள், பின் பெஞ்சில் இருந்த ஒரு பெண் குழந்தை எழுந்து, "அவனுதுதானே, கொடுத்துடேன்" என்றாளாம். அவள் எந்தச் சனிக்கிழமை வகுப்புக்கும் போனவள் அல்லள்.

வயிற்றுவலி இப்போது மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது 'மண்' என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த பழப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.