கணக்கறிந்தவன் கடமை

கற்றவன் கல்லாதவனுக்காகப் பேச வேண்டுமா, அல்லது அவனே பேசும்படி கற்பித்துவிட்டு விலகி நிற்க வேண்டுமா? இது ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிடும் நண்பர்கள் பதுளை மலைகளுக்கு ஒருமுறை வரட்டும். அங்கே இது கூலியும் குடியுரிமையும் பற்றிய கேள்வி.

தஞ்சையில் வணிகக் கல்வி ஆசிரியராக இருந்து, கணக்கியலைத் தமிழில் எழுதியவர் கோதண்டராம நடேசய்யர். 1919இல் இலங்கை வந்த அவர், அந்நியர் நுழையக்கூடாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் புகுந்தார். அங்கே கண்டது என்ன? கணக்கினாலேயே கட்டிப்போடப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தை! ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி யாவும் தொழிலாளியின் பெயரில் ஏறின. ஏறியதை அவனால் வாசிக்க முடியாது. தோட்டம் மாறினால் ‘துண்டு’ என்னும் சீட்டில் கடனும் கூடவே போயிற்று. 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. ஆனால் பேரேடு பிறர் கையிலேயே இருந்தது. நாள் முழுதும் கொழுந்தெடுத்தவளுக்கு ‘அரைப்பேர்’ போடும் பேனா, சாட்டையைவிடச் சத்தமில்லாதது; அவ்வளவுதான். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட ஏற்ற களம் ஏது?

அய்யர் பத்திரிகை நடத்தினார். 1925இல் சட்டசபைக்குப் போனார். 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். 1929இல் மலைநாட்டின் குறைந்தபட்ச நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று விதிக்கப்பட்டது. அந்த 11 சத வித்தியாசத்திற்கு எந்தத் தர்ம சாஸ்திரம் நியாயம் சொல்லும் என்று நாம் அறியோம். அய்யரின் சபைப் பேச்சுக்களைவிட, தொழிற்சட்டங்களைத் தமிழில் விளக்கி அவர் அச்சிட்ட நூல்களையே நாம் பெரிதாக மதிக்கிறோம். பேச்சு அவருடனேயே நின்றுவிடும். நூலோ லயத்துக்குள் போகும், ஒருவன் வாசிக்கப் பத்துப்பேர் கேட்பார்கள். ஆயினும் அவர் சங்கம் அவரைச் சுற்றியே வளர்ந்தது, அவருடனேயே தேய்ந்தது. பிரதிநிதித்துவத்தின் பழைய நோய் இது.

இதற்கு மறுபக்கம் 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் தெரிந்தது. அந்த வேலைநிறுத்தத்துக்குப் பின்நின்றவர்கள் சமசமாஜிகள். அய்யருக்கு அதன் பெருமையைச் சூட்ட வேண்டியதில்லை. தொழிலாளர் தமக்குள்ளேயே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தனர். அக்குழுவைக் கலந்தே நிர்வாகம் செய்வதாகத் துரை ஒப்பினார். எழுத்தறிந்தவர் சிலரே இருந்த லயங்களிலிருந்து எழுந்த குரல் அது! ஆகவே பேசுவதற்கு எழுத்து அனுமதிச் சீட்டன்று. ஆனால் பேசி வென்றது காகிதத்தில் ஏறிய மறுகணம், வாசிக்கத் தெரிந்தவனிடம் மீண்டும் கைகட்டி நிற்க வேண்டியதாகிறது. இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுவோர் மேடைக்கு வேண்டுமானால் உதவுவர்.

அய்யர் 1947இல் மறைந்தார். அவ்வாண்டுத் தேர்தலில் பதுளை எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இன் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று காட்டச் சொன்னது. எவர் கையில் இருந்தது சான்று? தோட்டத்து அலுவலகப் பேரேட்டில்! எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியதே 1977இல்தான்.

இன்று பதுளையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. மாலை நிறுவையில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கொழுந்தின் நிறையில் கழிப்பதும் இருக்கிறது. எத்தனை கிலோ, எந்த விதிப்படி என்று தராசடியில் நின்று கேட்கும் பெண்ணுக்கு, பள்ளியில் படிக்கும் அவள் மகள் பக்கத்தில் நின்று கூட்டிக் காட்டுகிறாள்.