கனம் அவளுக்கு, உயரம் அவனுக்கு

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் ஆட்டுக்கொட்டகைக்குள் நடக்கும் வேலைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. புழுக்கை கூட்டுவது, தழை கட்டுவது, குட்டியைப் பால்குடிக்க விடுவது எல்லாம் அவள் பொறுப்பு. கூரை ஒழுகினால் மட்டும் ஓர் ஆண் வர வேண்டும். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா ஆடுகள் திட்டம் ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் தந்தது. ஆடு அவள் பெயருக்கு வந்துவிட்டது. கூரை இன்னும் அடுத்தவர் தயவில் இருக்கிறது. ஐப்பசி மழைக்குள் ஆள் வரவில்லை என்றால் ஈரத்தில் நிற்கும் ஆட்டுக்குக் குளம்பு அழுகும், குட்டிக்குச் சளி பிடிக்கும். நட்டம் அவளுக்குத்தான்.

பெண் ஏன் கூரை ஏறுவதில்லை? வலு போதாது என்பார்கள். கட்டட வேலைக்குப் போய்ப் பாருங்கள். செங்கல்லையும் கலவையையும் தலையில் சுமந்து சாரம் ஏறுகிறவள் சித்தாள். மேலே நின்று கரண்டி பிடிப்பவர் கொத்தனார். கூலி அவருக்கு அதிகம். வலுதான் காரணம் என்றால் சுமை அவர் தலையில் அல்லவா இருக்க வேண்டும்? நாம் பங்கிட்டிருப்பது வலுவை அல்ல. கனத்தை அவளுக்கும் உயரத்தை அவனுக்கும் கொடுத்திருக்கிறோம்.

கீழிருந்து பார்ப்பார்களே என்பது அடுத்த தடை. வயலில் சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டு வேலை செய்யும் பெண்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வயலுக்குப் பொருந்திய சட்டை கூரைக்கும் பொருந்தும்.

தொழில் ரகசியமும் பெரிதாக இல்லை. பலகைக் கூரைமேல் தார் ஷீட் சுருளை விரிப்பதற்கும் தோகை வேய்வதற்கும் விதி ஒன்றுதான்: இறவாணத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போக வேண்டும். கீழ் விரிப்பின் மேல் அடுத்த விரிப்பு நான்கு விரல் அளவாவது ஏறி நிற்க வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் இடுக்கில் நுழையாது. அகலத் தலை ஆணி அடித்து, முகட்டில் ஒரு துண்டை இருபுறமும் மடித்து மூடினால் வேலை முடிந்தது. வெயில் ஏறினால் தார் இளகும் என்பதால் காலையிலேயே முடிப்பது நல்லது. ஏணியைப் பிடிக்க ஒருவர் கட்டாயம் வேண்டும்.

இங்கே நியாயமான ஓர் அச்சம் எழுகிறது. பெண் இதையும் கற்றுக்கொண்டால், ஏற்கெனவே நிறைந்திருக்கும் அவள் நாளில் இதுவும் ஒரு கடமையாகச் சேராதா? சேரும், நாம் கவனமாக இல்லாவிட்டால். 'தன் கையே தனக்கு உதவி' என்பதைப் பெண்ணிடம் மட்டும் சொல்லும்போது அது உதவ மறுப்பவர்களுக்குச் சாக்காகிவிடுகிறது. காசு கொடுத்துக் கூரை வேயும் பண்ணையாரை யாரும் பிறரைச் சார்ந்திருப்பவர் என்று சொல்வதில்லை. அவர் கெஞ்சாமல் ஆள் கூப்பிடுகிறார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஆகவே எல்லா வேலையையும் தானே செய்வதைச் சுதந்திரம் என்று நான் சொல்லமாட்டேன். ஏறுவதா, ஆள் வைப்பதா என்று அவளே முடிவெடுக்க முடிவதுதான் சுதந்திரம். அதற்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். கையில் அவள் காசும் இருக்க வேண்டும். ஊருக்குக் கூரை வேய்ந்தால் ஆணுக்குத் தரும் அதே கூலி அவளுக்கும் கிடைக்க வேண்டும். அவள் மேலே இருக்கும் நேரத்தில் அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.