அயலார் பண்டிகையின் பலகாரம்

பிற மதத்தவரின் பண்டிகைப் பலகாரத்தை உண்பது அந்த மதத்தில் பங்குகொள்வதாகுமா? கண்டி–கம்பளை வீதியில் முஸ்லிம்களும் சிங்களப் பௌத்தர்களும் தமிழ்ச் சைவர்களும் அடுத்தடுத்து வாழும் கெலிஓயாவில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. நோன்புப் பெருநாளன்று வட்டிலப்பம் வேலி தாண்டிப் போகிறது. அதற்கு இனிப்பூட்டும் கித்துள் கருப்பட்டியோ பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் பாளை சீவி, இறக்கிக் காய்ச்சியது. முஸ்லிம்களின் பெருநாள் பண்டம் பௌத்தரின் கைப்பட்டே உருவாகிறது. அதனால் பெருநாள் பௌத்தமாகிவிடவில்லை, கருப்பட்டி காய்ச்சியவர் முஸ்லிமாகிவிடவும் இல்லை. உண்பது வேறு, வணங்குவது வேறு என்பதே என் வாதம்.

தொலைவிலிருந்து ஒரு சான்று. டிசம்பர் 13 அன்று சுவீடனில் லூசியா தினம். குங்குமப்பூவும் வெண்ணெயும் பாலும் சேர்த்துப் பிசைந்து புளிக்கவைத்த மாவை, இரு முனையும் எதிரெதிராகச் சுருளும்படி உருட்டி, சுருளுக்குள் உலர்ந்த திராட்சை பதித்து, பணிஸாகச் சுடுகிறார்கள். லூசியா 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிசிலியில் கொல்லப்பட்ட கத்தோலிக்கப் புனிதர். சுவீடனோ 1593இல் உப்சாலாவில் லூதரன் கொள்கையை உறுதிசெய்து, புனிதர்களிடம் மன்றாடும் வழக்கத்தைக் கைவிட்ட நாடு. பழைய நாட்காட்டிப்படி ஆண்டின் மிக நீண்ட இரவாகக் கருதப்பட்ட அந்நாள் மக்கள் வாழ்விலிருந்து போகவில்லை. இன்று மன்றாட்டே இல்லாமல் அப்புனிதரின் பெயரால் பணிஸ் சுடப்படுகிறது. கித்துள் கருப்பட்டியைப் போலவே இங்கும் வேற்று மதத்தவரின் கை உண்டு: உலகின் குங்குமப்பூவில் பெரும்பங்கை விளைவிப்பது முஸ்லிம் நாடான ஈரான். அதே லூசியாவுக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பேராலயம் எழுப்பி, தமிழரும் சிங்களவரும் மன்றாடுகிறார்கள். அவர்களுடைய பக்திக்குக் குங்குமப்பூ பணிஸ் தேவைப்படவில்லை. நம்பிக்கையும் பலகாரமும் ஒன்றையொன்று விட்டுத் தனித்தனியே வாழக்கூடியவை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அல்லாஹ் அல்லாதவரின் பெயரால் அறுக்கப்பட்டதைக் குர்ஆன் விலக்குகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல், சிலைகளுக்குப் படைத்த உணவைப் பற்றி விரிவாக வாதிடுகிறார். உணவு வெறும் உணவென்றால் இத்தனை கவலை ஏன்? கவலை நியாயமானதே. ஆனால் இவ்விரு நூல்களும் கவனிப்பது, எவர் பெயரால் அறுக்கப்பட்டது, எவருக்குப் படைக்கப்பட்டது என்பதையே. சைவரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்: அடுப்பிலிருக்கும் பொங்கல் சோறுதான், படைத்த பின்னரே அது பிரசாதம். ஆகவே படைத்ததை மறுக்க ஒருவருக்கு முழு உரிமை உண்டு. அந்த மறுப்பை அவமதிப்பாக எடுத்துக்கொள்வது தவறு. படைக்கப்படாமல் அன்பினால் அனுப்பப்பட்ட வட்டிலப்பமோ நத்தார் கேக்கோ அந்த எல்லைக்குள் வருவதில்லை. எல்லாம் கலந்தால் சமயத்தின் தனித்தன்மை கரைந்துவிடும் என்போரின் அச்சத்தையும் நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆயினும் கெலிஓயாவுக்கு அருகிலுள்ள, 14ஆம் நூற்றாண்டின் லங்காதிலக விகாரையில் புத்தர் சிலையோடு தெய்வங்களின் சன்னிதிகளும் உண்டு. அங்குள்ள பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. அருகருகே இருந்ததால் பௌத்தம் அங்கே கரைந்துபோகவில்லை.

கரைவதை விட அஞ்ச வேண்டியது அயலார் உணவின் மீது விதைக்கப்படும் சந்தேகம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் மலடாக்கும் மாத்திரை கலக்கப்படுகிறது என்ற பொய் வதந்தி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்படும் அளவுக்குப் போனது. அந்த வதந்தி எடுபட்டதற்கு, அயலாரின் அடுப்படி தெரியாத இடம் என்ற எண்ணமும் ஒரு காரணம். ஆகவே கொடுப்பவருக்குத்தான் பொறுப்பு அதிகம் என்று நினைக்கிறேன். நத்தார் கேக்கில் பிராந்தி ஊற்றியிருந்தால் முஸ்லிம் வீட்டுக்கு அனுப்பும்போது அதைச் சொல்லிவிட வேண்டும், அல்லது அவர்களுக்கென்று ஊற்றாமல் ஒன்று சுட வேண்டும். வட்டிலப்பத்தில் முட்டை உண்டென்பதை மரக்கறி மட்டுமே உண்ணும் சைவக் குடும்பத்துக்குச் சொல்வதும் அப்படித்தான். அவர்கள் வாங்காவிட்டால் வாழைப்பழச் சீப்பொன்றை அனுப்பலாம்.